படிக் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கணினியில் எதையாவது நோண்டிக்கொண்டிருப்பேன். அப்படி வந்ததுதான் ‘படிக் கணக்கு’. வீட்டுப் பெரியவர்கள் படி, உழக்கு, ஆழாக்கு என்று சொல்லும் சமையல் அளவை டம்ளருக்கும் கிராமுக்கும் மாற்றிக் காட்டும் சின்னக் கருவி. போனில் உலாவியைத் திறந்தால் போதும். கூடவே எங்கள் பக்கத்துச் சமையல் நாற்பதின் அளவுகளையும் போட்டு வைத்திருக்கிறேன். வாட்ஸப்பிலும் கல்யாணப் பந்தியிலும் ஒரே கேள்வியை வேறு வேறு ஆட்கள் கேட்கிறார்கள். அதனால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

இதைச் செய்ய வேண்டும் என்று எப்படித் தோன்றியது?

ஒப்பிட்டுதான் காரணம், மற்ற ஊர்களில் போளி என்பார்களே, அந்தப் பலகாரம். கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் என் அம்மாயி வீடு; அம்மாவைப் பெற்றவர். ஒரு தை நோம்பிக்கு (பண்டிகைக்கு) போயிருந்தபோது அவர் சொல்லச் சொல்ல ஒப்பிட்டுக்கு அளவு எழுதிக்கொண்டேன். “கடலைப்பருப்பு ரண்டு ஆழாக்குப் போடு கண்ணு, வெல்லம் அதுக்குத் தக்கன” என்றார். மைதாவை மட்டும் பாக்கெட் கணக்கில் சொன்னார்.

திருப்பூர் வந்து, ஆழாக்கு என்றால் எவ்வளவு என்று இணையத்தில் பார்த்தேன். 168 மில்லி என்று இருந்தது. அப்படியே போட்டேன். பூரணம் பத்தவில்லை, மாவு மீந்துவிட்டது. வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த இரண்டு நாள் காலையில் பரோட்டாதான்.

அடுத்த முறை போனபோது அட்டாலியில் இருந்து அம்மாயியின் அளவைகளை இறக்கினேன். பித்தளைப் படி ஒன்று, ஆழாக்கு ஒன்று. ஆழாக்கில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்தால் 205 கிராம். ஆக, இணையம் சொன்னதைவிட ஒவ்வொரு ஆழாக்குக்கும் 37 மில்லி கூட. பூரணம் ஏன் பத்தவில்லை என்பது அங்கேயே தெரிந்துபோனது. எட்டு ஆழாக்கு ஒரு படி என்பதால் படியில் 1,640 வர வேண்டும். வந்தது 1,580. மீதி 60 எங்கே போனது என்று படியைத் திருப்பிப் பார்த்தேன், இடுப்பில் ஒரு நசுங்கல். என் அம்மா ஆறு வயதில் கீழே தள்ளிவிட்டதாம். அறுபது வருஷமாக அந்த வீட்டில் ஒரு படி அரிசி என்றால் நசுங்கல் போக மீதிதான். அந்த அளவுக்குத்தான் அம்மாயியின் கை பழகியிருக்கிறது.

அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து முதல் வடிவத்தை எழுதினேன்.

சரி, ஒரு படி எத்தனை லிட்டர்?

எந்தப் படி என்று திருப்பிக் கேட்பேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பழைய வாய்பாட்டில் உள்கணக்கு தெளிவாக இருக்கிறது. 5 செவிடு ஒரு ஆழாக்கு. 2 ஆழாக்கு ஒரு உழக்கு. 2 உழக்கு ஒரு உரி. 2 உரி ஒரு படி. எனவே உரி என்பது அரைப்படி, உழக்கு கால் படி, ஆழாக்கு அரைக்கால் படி. மேலே போனால் 8 படி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம். கீழே போனால் 360 நெல் ஒரு செவிடு. அந்தக் கணக்கில் ஒரு படிக்கு 14,400 நெல். யாராவது எண்ணிப் பார்த்தார்களா என்று கேட்காதீர்கள், நான் பார்க்கவில்லை.

தகராறு வருவது பாத்திரத்தின் நிஜ அளவில். சின்னப்படி, பெரிய படி, பட்டணம் படி என்று ஊருக்கு ஊர் புழங்கியிருக்கிறது. இணையத்தில் பரவலாகக் காணும் 1.344 லிட்டர் என்பது அவற்றில் ஒரு படி, அவ்வளவுதான். 1956-ல் எடை அளவுச் சட்டம் வந்து, அறுபதுகளின் தொடக்கத்தில் கடைவீதியில் கிலோவும் லிட்டரும் கட்டாயமாயின. அடுப்படிக்குள் எந்த அதிகாரியும் வரவில்லை, பழைய படி பாட்டுக்கு அரிசிப் பானைக்குள் கிடந்தது. இப்போது பாத்திரக் கடையில் படி கேட்டால் பெரும்பாலும் ஒரு லிட்டர் அளவையை எடுத்துத் தருவார்கள். அதுவும் படிதான். ஆக ஒரே வீட்டில் மாமியாரின் படி ஒன்று, மருமகளின் படி ஒன்று என்று இருக்க முடியும். இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால்தான் கருவி முதலில் உங்கள் வீட்டுப் பாத்திரத்தைக் கேட்கிறது. வெறும் படியைத் தராசில் வைத்து முள்ளைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். விளிம்புவரை தண்ணீர் ஊற்றுங்கள். எத்தனை கிராமோ, கிட்டத்தட்ட அத்தனை மில்லி. அந்த எண்ணை ஒரு தரம் பதிந்துவிட்டால் போதும். தராசு இல்லையா? ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலை வைத்து ஊற்றிப் பாருங்கள், ஓரளவுக்குச் சரியாக வரும்.

படி தெரிந்துவிட்டது. ஒரு படி அரிசி எத்தனை கிலோ?

படி என்பது கொள்ளளவு, கிலோ என்பது எடை. நடுவில் தானியம் நிற்கிறது. ஒரு லிட்டர் பாத்திரத்தில் அரிசி சுமார் 800 கிராமுக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும். அதே பாத்திரத்தில் ராகி மாவு அதைவிட நன்றாகக் குறையும். மாவைத் தட்டித் தட்டி அமுக்கினால் கூடும். கருவியில் தானியத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது இதற்காகத்தான். மாவுகளுக்கு நான் கொடுத்திருக்கும் எடையை உத்தேசமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, அளந்தவர் தலை தட்டி அளந்தாரா, குவித்து அளந்தாரா? வாங்கும்போது குவித்தும் கொடுக்கும்போது தட்டியும் அளந்த மகராசர்கள் எல்லா ஊரிலும் இருந்திருக்கிறார்கள். சமையலில் பொதுவாக அரிசி தலை தட்டித்தான். அம்மாயி மட்டும் பருப்பைக் குவிப்பார். “பருப்பு மேல கஞ்சத்தனம் ஆகாது” என்பார்.

அளக்கத் தொடங்கும்போது ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று சொல்வது வழக்கம் அல்லவா? கருவியில் எண்ணும் பொத்தானை முதல் முறை தட்டினால் 1-க்குப் பதில் ‘லாபம்’ என்று வரும். அது பிழை என்று இதுவரை நாலு பேர் எழுதியிருக்கிறார்கள். பிழை இல்லைங்க, அப்படியே இருக்கட்டும்.

வள்ளம் என்ற அளவு எங்கே?

இருக்கிறது, அமைப்புப் பக்கத்தில் ‘ஊர் அளவு’ என்பதைத் திறங்கள். எங்கள் பக்கம் நாலு படி ஒரு வள்ளம். சமையலுக்கு அவ்வளவு பெரிய அளவு தேவைப்படுவது கிடாவிருந்துக்கும் கல்யாணத்துக்கும்தான், அதனால் முன்பக்கத்தில் வைக்கவில்லை. காட்டையும் வள்ளத்தில் சொல்வார்கள். “ரண்டு வள்ளம் காடு” என்றால் அது நிலத்தின் பரப்பு. அதைக் கருவியில் போட்டு டம்ளராக மாற்றப் பார்த்து, கோடு கோடாக ஏதோ வருகிறது என்றார் தாராபுரம் பக்கத்துப் பெரியவர் ஒருவர். நியாயமான குழப்பம்தான்.

கைப்பிடி, சிட்டிகை, ‘தக்கன’ இதையெல்லாம் எப்படி மாற்றுவது?

மாற்றவில்லை. எழுதியபடியே விட்டிருக்கிறேன்.

அரிசியும் பருப்பும் சாதத்துக்குத் தண்ணீர் எவ்வளவு?

இந்த ஒரு கேள்விக்கே தனிப் பக்கம் போடலாம். கொங்கு நாட்டில் பிறந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அரிசியையும் துவரம்பருப்பையும் சேர்த்து, சின்ன வெங்காயம், தக்காளி, பூண்டு, வரமிளகாய், சீரகம், மஞ்சள்தூள் தாளித்து ஒரே பாத்திரத்தில் வேகவைப்பது. இது சாம்பார் சாதம் ஆகாது, பிசிபேளாபாத்தும் ஆகாது. சாம்பார் பொடி இதில் நுழையவே கூடாது. அவசரத்துக்குச் செய்யும் சோறு என்று சொல்வார்கள், ஆனால் ஊரை விட்டுப் போனவர்கள் முதலில் ஏங்குவது இதற்குத்தான்.

அளவு: அரிசி ஒரு டம்ளர் என்றால் பருப்பு கால் டம்ளர். பருப்பு பிடித்தவர்கள் மூன்றில் ஒரு பங்குவரை போகலாம். குக்கரில் தண்ணீர் மூன்று டம்ளர், புது அரிசியாக இருந்தால் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். இந்த ‘டம்ளர்’ எந்த டம்ளர் என்பது முக்கியமில்லை, எல்லாவற்றையும் ஒரே டம்ளரில் அளந்தால் சரி. இப்படி விகிதத்தில் சொல்லப்பட்ட சமையலுக்குக் கருவியே தேவையில்லை. இதைச் சொன்னால் என் கருவிக்கு நானே மண்ணைப் போட்டுக்கொள்வது மாதிரி, ஆனாலும் உண்மை அதுதான்.

இறக்கியவுடன் நெய். ஊத்துக்குளி வெண்ணெயை வாங்கி வீட்டிலேயே உருக்கினால் அன்றைக்கு வேறு வெஞ்சனம் தேடத் தோன்றாது. ஒரு அப்பளம், ஒரு கரண்டி தயிர், முடிந்தது.

சந்தகையை இடியாப்ப மாவில் பிழியலாமா?

பிழியலாம், அதற்குப் பெயர் இடியாப்பம்.

இரண்டுக்கும் வரிசையே தலைகீழ். இடியாப்பத்தில் மாவைப் பிசைந்து பிழிந்து, பிறகு வேகவைக்கிறோம். சந்தகைக்குப் புழுங்கலரிசியை ஊறவைத்து நைசாக ஆட்டி, இட்லி மாதிரி வேகவைத்து, அந்தச் சூட்டோடு பிழிகிறோம். முதலிலேயே முழுதாக வெந்துவிடுவதால் இழை மெத்தென்று இருக்கும், உதிராது. சூடு ஆறிவிட்டால் பிழிய வராது, மிஷினில் தொங்க வேண்டியதுதான். எங்கள் வீட்டுச் சந்தகை மிஷின் மூன்று கால் வைத்த இரும்பு, மேலே திருகும் கைப்பிடி. ஒருவர் மிஷினைப் பிடிக்க, ஒருவர் திருக, ஒருவர் ஆவி பறக்கும் இட்லியை எடுத்துப் போட என்று மூன்று ஆள் வேண்டும். சந்தகை என்றாலே சொந்தக்காரர்கள் வந்திருக்கிறார்கள் என்று அர்த்தமாகிப் போனது அதனால்தான் என்பது என் ஊகம். இரண்டு பேர் இருக்கும் வீட்டில் யார் இதைச் செய்வார்கள்?

கருவியில் சந்தகைக்கு மட்டும் ‘ஆட்கள்’ என்று ஒரு கட்டம் இருப்பதன் காரணம் இப்போது புரிந்திருக்கும். தேங்காய்ப்பாலும் வெல்லமும் ஒரு பக்கம், எலுமிச்சம்பழம் பிழிந்து தாளித்தது ஒரு பக்கம் என்று இரண்டாகப் பிரிப்பதற்கும் அளவு கொடுத்திருக்கிறேன்.

பள்ளிபாளையம் சிக்கன் ஏன் இல்லை?

அதற்கு வேண்டியது கோழி, வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு, எண்ணெய். ஆழாக்கில் அளக்க அதில் எதுவும் இல்லை. மிளகாயை எண்ணிப் போடுங்கள், எண்ணிக்கையை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்காதீர்கள்.

மாவை மிக்சியில் அரைக்கலாமா, கிரைண்டர்தான் வேண்டுமா, ஆட்டுக்கல்தான் சரியா?

கோயமுத்தூர்க்காரர்களிடம் இதைக் கேட்டால் என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும். வெட் கிரைண்டர் பிறந்ததே அங்கேதான். 1955-ல் பி. சபாபதி என்பவர் உருவாக்கினார். ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ என்ற பெயருக்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஈரோட்டு மஞ்சளுக்கும் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் 2019-ல் அதே குறியீடு கிடைத்தபோது எல்லாரும் கொண்டாடினோம். மஞ்சளுக்குக் கிடைப்பது சரி, ஒரு இயந்திரத்துக்குக் கிடைத்திருக்கிறதே என்று யோசித்துப் பார்த்தால் எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. பாட்டி கல்லில் ஆட்டியதை மோட்டாரில் ஆட்ட வைத்தவர் சமையல் மரபைக் கெடுத்தார் என்று யாரும் சொல்வதில்லை. அந்த மோட்டார் இல்லை என்றால் பாதி வீட்டில் வீட்டு இட்லி நின்றே போயிருக்கும்.

கேள்விக்கு வருகிறேன். உளுந்துக்குக் கிரைண்டர். மிக்சி சூடேறுகிறது, மாவு பொங்குவது குறைகிறது. சந்தகைக்கு அரைக்கும் அரிசி கொஞ்சமாக இருந்தால் மிக்சியே போதும். ஆட்டுக்கல் எங்கள் பொடக்காலியில் கிடக்கிறது, இப்போது அதில் குருவி தண்ணீர் குடிக்கிறது.

கம்பு, ராகி பற்றிய அளவுகளை யாரிடம் வாங்கினீர்கள்?

பெரும்பாலும் அம்மாயியிடமும் காங்கேயம் பக்கம் என் அப்பத்தாவிடமும். ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அந்த வருஷம் திருப்பூரில் கம்பில் பிஸ்கட், சாமையில் நூடுல்ஸ் எல்லாம் கண்ணில் பட்டன. அப்பத்தா ஒரு பாக்கெட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதுக்குத்தான் அந்தக் காலத்துல நெல்லுச்சோத்துக்கு ஏங்குனமா?” என்றார். மானாவாரிக் காட்டில் கம்பும் சோளமும்தான் விளைந்தன, நெல்லுச்சோறு நோம்பிக்கு நோம்பிதான். அதை மறந்துவிட்டு, அவர்கள் ஆரோக்கியத்துக்காகத் தேர்ந்தெடுத்துச் சாப்பிட்டது போல இப்போது பேசுகிறோம்.

கம்பஞ்சோற்றுக்கு அப்பத்தா கொடுத்த அளவில் ஒரு முக்கியமான குறிப்பு உண்டு. குத்திப் புடைத்த பிறகு அளக்க வேண்டும், முன்னால் அளந்தால் தவிடு போனதும் குறைந்துவிடும். கடையில் வாங்கும் கம்பு பல நேரம் ஏற்கனவே புடைத்ததாக இருக்கும், பார்த்து வாங்குங்கள்.

கொள்ளுப் பருப்பு சாப்பிட்டால் உடம்பு இளைக்குமா? கருவியில் கலோரி போடலாமே?

போட மாட்டேன். நான் கணக்கெழுதுபவன், வைத்தியர் இல்லை. கடைந்த கொள்ளுக்கு நல்லெண்ணெய் ஊற்றி மூன்று தரம் சோறு வாங்கி உண்பவர்களுக்கு எந்தக் கலோரிக் கணக்கும் உதவாது.

சில இடங்களில் எழுத்துக்குப் பதில் வெறும் கட்டம் தெரிகிறதே?

இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். அந்தக் கட்டங்கள் இருக்கும் இடத்தில் செவிடு, ஆழாக்கு, உழக்கு, குறுணி (மரக்கால்), பதக்கு (இரண்டு மரக்கால்) ஆகியவற்றின் பழைய குறிகள் இருக்கின்றன. ஓலைச்சுவடியிலும் கணக்கு ஏடுகளிலும் ஆழாக்கு என்று முழுதாக எழுதாமல் ஒரே குறியால் எழுதினார்கள். ரூபாய்க்கு நாம் குறி போடுவது மாதிரி. முந்திரி, காணி, மா, மாகாணி என்ற பின்னங்களுக்கும் அப்படியே. முந்திரி என்றால் 320-ல் ஒரு பங்கு.

எல்லா மொழி எழுத்துக்கும் கணினியில் பொதுவான எண் கொடுக்கும் ஏற்பாடு யூனிகோட். தமிழ் எழுத்துகள் 1991-ல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே இருந்தன. ஆனாலும் தமிழ்நாட்டு அலுவலகங்களில் ஒவ்வொருவரும் ஒரு எழுத்துருவை வைத்துக்கொண்டு, ஒரு கணினியில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் கோழி கிளறியது போல் வந்த காலம் வெகுநாள் நீண்டது. 2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடு நடந்ததே, ஊரே விளக்கு அலங்காரமாக இருந்தது, அப்போதுதான் தமிழ்நாட்டு அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது. தமிழ் இணைய மாநாடும் அதே நாள்களில் அங்கேயே நடந்தது. நான் அந்தச் சமயம் கூட்டத்தில் நெரிபட்டுக் கண்காட்சியைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நடப்பது தெரியாமலே பஸ் ஏறி வந்தவன்.

பழைய அளவைக் குறிகள் யூனிகோடுக்குள் வந்தது அதற்கும் பின்னால், 2019 மார்ச்சில். ‘தமிழ் துணைத் தொகுதி’ என்று 51 குறிகள். இடம் கிடைத்துவிட்டது, ஆனால் அவற்றை வரைந்து காட்டும் எழுத்துரு உங்கள் போனில் இருக்க வேண்டும். பல போன்களில் இல்லை. நோட்டோ குடும்பத்தில் தமிழ் துணைத் தொகுதிக்கென்று இலவச எழுத்துரு உண்டு. அதைக் கருவியோடு சேர்த்தே அனுப்பும் வசதியைச் செய்திருக்கிறேன். அமைப்பில் ‘பழைய குறி’ என்பதைத் தட்டினால் இறங்கிவிடும். கட்டம் போய் ஆழாக்குக் குறி வந்ததும் அதை அம்மாயியிடம் காட்டினேன். “இதென்ன கோலம்?” என்றார். அவர் பள்ளிக்கூடம் போனவரில்லை. அவருக்கு ஆழாக்கு என்றால் கையில் பிடிக்கும் பித்தளைதான்.

கருவி உள்ளுக்குள் எப்படிக் கணக்குப் போடுகிறது?

எல்லாவற்றையும் முதலில் செவிடாக மாற்றிவிடுகிறேன். ஆழாக்கு 5, உழக்கு 10, உரி 20, படி 40. முழு எண்களாகவே கூட்டிக் கழித்துவிட்டு, கடைசியில் ஒரே ஒரு முறை மில்லிக்கு மாற்றுகிறேன். முதலில் தசமப் புள்ளியில் எழுதியபோது மூன்று உழக்கும் ஒரு உழக்கும் சேர்ந்து ஒரு படிக்கு ஒரு நூலிழை குறைவாகக் காட்டியது. கணினி இரும எண்ணில் வேலை செய்வதால் பல தசமங்களை அதனால் துல்லியமாக வைத்துக்கொள்ள முடியாது. செவிடுக்கு மாறிய பிறகு அந்தத் தொல்லை இல்லை.

‘கொள்ளு’ என்று தேடினால் வரவில்லை என்று முன்பு சொன்னேனே?

சரிசெய்துவிட்டேன், காரணம் சுவாரசியமானது. நமக்குக் கொள்ளு மூன்று எழுத்து. உலாவியில் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட்டைக் கேட்டால் ஆறு என்று சொல்லும். க ஒன்று, ஒகரக் குறி ஒன்று, ள ஒன்று, புள்ளி ஒன்று, மறுபடி ள ஒன்று, உகரக் குறி ஒன்று. அந்த ஒகரக் குறியையும் இரண்டு விதமாக அடிக்கலாம். ஒரே குறியாக அடிப்பது ஒன்று, கொம்பும் காலும் தனித்தனியாக அடிப்பது இன்னொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு சொல். என் கணினியில் அடித்த கொள்ளும் உங்கள் போனில் அடித்த கொள்ளும் சந்தித்துக்கொள்ளாமலே போயின. இப்போது தேடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறேன். ஜாவாஸ்கிரிப்ட்டில் அதற்கு ஒரு வரி போதும். தமிழில் எதையாவது செய்யப் போகிறவர்கள் இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

அகரவரிசையும் இப்படித்தான். யூனிகோடின் இயல்பு வரிசையில் ன-வும் ற-வும் நடுவிலேயே வந்துவிடும், கடைசியில் வராது. உலாவியிடம் ‘தமிழ் முறைப்படி அடுக்கு’ என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

ஐபோனில் நான் எழுதி வைத்த அளவுகள் காணாமல் போயினவே?

இதற்கு நான்தான் பொறுப்பு, முன்பே எச்சரித்து எழுதியிருக்க வேண்டும். உங்கள் அளவுகள் என்னிடம் வருவதில்லை. உங்கள் போனின் உலாவிக்குள்ளேயே தங்குகின்றன. ஐபோனின் உலாவியான சஃபாரியில் 2020 முதல் ஒரு விதி உண்டு. உலாவியைப் பயன்படுத்திக்கொண்டே இருந்து, ஏழு நாள் ஒரு தளத்தை மட்டும் தொடாமல் விட்டால் அந்தத் தளம் சேமித்து வைத்ததை அழித்துவிடும். விளம்பரக்காரர்கள் பின்தொடர்வதைத் தடுக்க வந்த விதி, நல்ல நோக்கம்தான். கருவியை முகப்புத் திரையில் சேர்த்துவிட்டால் அந்த விதி அப்படிப் பாதிக்காது. அப்புறம், ‘பிரதி எடு’ என்ற பொத்தானைத் தட்டினால் எல்லா அளவும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பாக இறங்கும். அதை உங்களுக்கே வாட்ஸப்பில் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கும் பட்ட அனுபவம் உண்டு. முன்பு ஒரு குறிப்பெடுக்கும் செயலியில் வீட்டுச் சமையல் முழுவதையும் எழுதி வைத்திருந்தேன். ஒரு நாள் சேவையை நிறுத்துகிறோம் என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. நான் பார்த்தபோது கெடு முடிந்து இரண்டு வாரம். அன்றிலிருந்து எழுத்துக் கோப்பைத் தவிர வேறு எதையும் நம்புவதில்லை.

ஏன் இதை ஆப் ஆகப் போடவில்லை? காசு பார்க்கலாமே?

மொத்தமும் ஒரே எச்.டி.எம்.எல் கோப்பு, பழைய குறிக்கான எழுத்துரு மட்டும் தனி. இரண்டும் சேர்ந்து போனில் எடுக்கும் ஒரு படத்தைவிடச் சின்னது. ஒரு தரம் திறந்துவிட்டால் இணையம் இல்லாமலும் ஓடும். சாளையில் (தோட்டத்து வீட்டில்) சிக்னல் கிடைக்காத இடத்தில் அண்டா வைத்துச் சமைக்கிறவர்களுக்கு அது முக்கியம். ஆப் ஆக்கினால் வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கச் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. விளம்பரமும் கிடையாது. ஆழாக்கை மாற்றிக் காட்டியதற்கு ஒருவர் ஒரு கூடை முருங்கைக்காய் அனுப்பினார், வாங்கிக்கொண்டேன்.

பேசினால் எழுதிக்கொள்ளும் வசதி வருமா?

சோதித்துப் பார்த்தேன். குரோமில் பேச்சை எழுத்தாக்குவது பொதுவாக ஒலியைக் கூகுளின் சர்வருக்கு அனுப்பித்தான் நடக்கிறது. அப்படியானால் ‘உங்கள் போனைவிட்டு எதுவும் வெளியே போகாது’ என்று நான் சொல்லியிருப்பது பொய்யாகிவிடும். அது ஒரு காரணம். இன்னொன்று, அம்மாயியின் பேச்சு. “அரிசிம்பருப்புக்குப் போசில தண்ணி வெச்சு” என்று அவர் தொடங்கினால் பாத்திரத்தைக் குறிக்கும் போசி என்ற சொல் ஒவ்வொரு தடவையும் வேறு ஏதோவாக வந்தது. ஒரு தடவை ‘யோசி’ என்று வந்தது. அதிகம் சிரித்தது அம்மாயிதான்.

இப்போது ஏஐ வந்துவிட்டதே, அதையே கேட்டால் போதாதா?

கேட்டுப் பார்த்தேன். சந்தகைக்கு இடியாப்பத்தின் செய்முறையைச் சொன்னது. படிக்கு எத்தனை மில்லி என்றால் ஒரே எண்ணைத் தயங்காமல் சொன்னது. எந்தப் படி என்று திருப்பிக் கேட்கவில்லை. நிரல் எழுத உதவி கேட்டால் நன்றாகவே செய்கிறது, பிழை தேடுவதற்கு நானும் அதைத்தான் கேட்கிறேன். உங்கள் வீட்டுப் படியின் நசுங்கல் அதற்குத் தெரிய வழியில்லை.

எங்கள் பாட்டியிடம் கேட்டால் ‘எல்லாம் ஒரு கணக்குத்தான்’ என்கிறார். எப்படி எழுதி வாங்குவது?

எல்லாருக்கும் இதுதான் நடக்கிறது. அளவு சொல்லுங்கள் என்று கேட்டால் அவர்களுக்கு வராது, ஏனென்றால் அளவு அவர்கள் நினைவில் இல்லை, கையில் இருக்கிறது. நான் தடுமாறிக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

உட்கார வைத்துக் கேள்வி கேட்காதீர்கள். சமைக்கும் நாளில் போய் நில்லுங்கள். போவதற்கு முன்னாலேயே அரிசிப் பாத்திரம், பருப்பு டப்பா, வெல்லம் எல்லாவற்றையும் ஒரு தரம் எடை போட்டு எழுதி வைத்துவிடுங்கள். அவர் பாட்டுக்கு அள்ளிப் போடட்டும். சமையல் முடிந்ததும் மறுபடி எடை போட்டால் எவ்வளவு குறைந்திருக்கிறதோ அதுதான் அளவு. கைப்பிடியை நிறுத்தி அளக்கச் சொன்னால் கை தடுமாறிவிடும், அன்றைய சோறும் கெடும். நான் அப்படி ஒரு தரம் கச்சாயத்தைக் கெடுத்திருக்கிறேன், பாகு முறுகிப்போனது.

வீடியோ எடுப்பதைவிட ஒலி மட்டும் பதிவது நல்லது என்பது என் எண்ணம். போனைத் தூக்கிப் பிடித்தால் சேலையைச் சரிசெய்துகொண்டு, “நல்லா உளுந்து ஊறணும்ங்க” என்று யாரோ முன்பின் தெரியாதவரிடம் பேசுவது போலப் பேசத் தொடங்கிவிடுவார்கள். போனை மேடையில் கவிழ்த்து வைத்துவிட்டு வெங்காயம் உரித்துக்கொடுங்கள். பழமை (எங்கள் பக்கம் ஊர்ப்பேச்சுக்கு அதுதான் பெயர்) பேச்சோடு பேச்சாக, யார் கல்யாணத்துக்கு எத்தனை வள்ளம் அரிசி வடித்தார்கள், எந்த வருஷம் கிணறு வற்றியது என்று எல்லாம் வரும். சமையல் குறிப்பு நடுநடுவே கிடைக்கும். பதிவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஊர்ப் பழமையில் உயிரோடு இருப்பவர்களின் கதையும் வந்துவிடும்.

சுவைக்குக் காரணமாக அவர் எதைச் சொல்கிறார் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள், நம்பாவிட்டாலும் சரி. கோபிப் பக்கம் வாய்க்கால் தண்ணீரில் பருப்பு வெந்த மாதிரி திருப்பூரில் வேகாது என்று அம்மாயி சொல்லிக்கொண்டே இருப்பார். சுண்ணாம்பு மாதிரியான உப்பு கூடிய கடினத் தண்ணீரில் பருப்பு வேக நேரமாகும் என்பது உண்மைதான். ஆழ்குழாய்த் தண்ணீரை விட்டுக் குடிநீரில் வைத்துப் பார்த்தேன், குக்கரில் ஒரு விசில் குறைந்தது. அவர் தண்ணீரைச் சொன்னார், நான் பாசத்தைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டுப் படியையும் பட்டியலில் சேர்ப்பீர்களா?

சேர்க்கிறேன். எனக்கு வேண்டியது மூன்று விவரம்: எந்த ஊர், என்ன உலோகம், தண்ணீர் எத்தனை கிராம் பிடிக்கிறது. ஒரு படமும் இருந்தால் நல்லது, ஆட்களின் முகம் அதில் வேண்டாம். பெயரை நீங்களே வைக்கலாம். இப்போதைக்குப் பட்டியலில் பதினேழு படிகள் இருக்கின்றன, ஒன்றுக்கொன்று ஒத்துப்போவது இரண்டே இரண்டு. அவை அக்காள் தங்கை இரண்டு பேர் சீராகக் கொண்டுபோனவை. முதலாவதாக இருப்பது எங்கள் வீட்டுடையது: ‘அம்மாயி, பித்தளை, 1,580, நசுங்கியது’. தட்டி நேராக்கித் தரட்டுமா என்று பாத்திரக்காரர் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.